இரவல் கோலி

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு வாடகைக்கு விடுகிற சைக்கிள்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஆள் நான். மத்தியானச் சாப்பாடு எனக்கு அங்கேயே. பரிமாறுகிறவர் ஆள் பார்த்து வைப்பதில்லை. எல்லாத் தட்டிலும் ஒரு ஸ்பூனைச் சொருகிவிடுவார். நான் அந்த ஸ்பூனை எடுத்து, துண்டில் துடைத்து, எதிரே காலியாக இருக்கிற நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன். புதிதாக வேலைக்கு வந்தவர் ஒருநாள், "யாராச்சும் வராங்களா பெரியவரே?" என்று கேட்டார். "வந்தா, கையப் பாத்துட்டு குடுக்கலாம்னு வச்சிருக்கேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் எதைச் சொன்னாலும் ஊர் சிரிக்கும். அது என் ஜாதகம்.

நான் மூன்றாம் வகுப்பு வரை போனவன். போனவன் என்றுதான் சொன்னேன். படித்தவன் என்று சொல்லவில்லை. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். அக்காவைச் செங்கம் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு, தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை ரூம், சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற வேலை, சாயங்காலம் கால்பந்து, இவ்வளவுதான் நான். ஓட வராது, உதைக்க வராது. அதனால் என்னைக் கோல் கம்பத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள். கோல் கீப்பரை எங்கள் பக்கம் கோலி என்போம். எனக்கு மட்டும் மூன்றாவது கம்பம் என்று பெயர். மற்ற இரண்டு கம்பமும் அசையாது, நானும் அசையமாட்டேன். பந்து தானாக வந்து என் மேல் பட்டால், அதைப் பிடித்ததாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

என்னைக் கண்டால் எல்லோருக்கும் சந்தோஷம். தெருவில் போனால் கூப்பிட்டு நிறுத்துவார்கள். "டேய், இன்னிக்கி இன்னாடா ஜோக்கு?" என்பார்கள். ஒன்று சொல்லுவேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போவார்கள். "சாப்டியா?" என்று அவர்களில் ஒருத்தரும் கேட்டது கிடையாது. கேட்காதது தப்பு என்று சொல்லமாட்டேன். சிரிக்கவைக்கிறவனுக்கும் பசிக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் எங்கள் கிளப் தலைவருக்குத் தோற்றுத் தோற்று அலுத்துவிட்டது. அவர் அரிசி மில் வைத்திருந்தவர். ஆம்பூரில் தோல் ஷாப் நடத்திய ஒரு சாயபு அவருக்குச் சிநேகிதம். தோல் ஷாப் என்றால் ஆட்டுத் தோல், மாட்டுத் தோலைப் பதனிடுகிற இடம். அந்த ஆட்களை வைத்தே சாயபு ஒரு டீம் வைத்திருந்தார். அதில் இரண்டு கோலிகள். மூத்தவர் ஆடுவார், இளையவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "சும்மா ஒக்காந்திருக்கறவரைக் குடுங்க பாய், கார்த்திகை தீபத்துப் போட்டி முடிஞ்சதும் பத்திரமா அனுப்பிடறேன்" என்று தலைவர் கேட்டார், மழைக்குக் குடை கேட்கிற மாதிரி. சாயபு கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: நம் இரண்டு டீமும் மோதினால் அவர் எந்தப் பக்கமும் ஆடக்கூடாது. பிறந்த வீட்டுக்கு எதிராகக் கை ஓங்கக்கூடாது என்பது அப்போது எங்கள் ஜில்லாவில் எல்லா கிளப்பும் ஒத்துக்கொண்ட வழக்கம்.

அப்படி வந்தவர்தான் ஆம்பூர் அண்ணன். என்னைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவர். ஊர் அவருக்கு இரவல் என்று பெயர் வைத்தது. லாட்ஜ் எதற்கு என்று நினைத்த கிளப் செயலாளர், பையோடு அவரை நேராக என் ரூமுக்கு அழைத்துவந்தார். "உன் எடத்துக்கு வந்தவரு, உன் எடத்துலயே இருக்கட்டும்டா" என்றார். கோல் கம்பத்துக்கு நடுவில் இருந்த இடமும் போயிற்று, காற்று வருகிற ஜன்னலோரம் பாய் போடுகிற இடமும் போயிற்று. என் வயிற்றெரிச்சலைப் பார்க்க ஊரே ஆசையாகக் காத்திருந்தது.

முதல் நாள் மெஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ரசம் ஊற்றியதும் அவர் சட்டைப் பையிலிருந்து எவர்சில்வர் ஸ்பூன் ஒன்றை எடுத்தார். படித்தவர்கள் பேனா குத்திக்கொள்கிற இடத்தில் அவர் ஸ்பூன் குத்தியிருந்தார். இலையில் ரசம் சோறு, அதை ஸ்பூனால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டால் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? "பாருங்கப்பா, செங்கம் ரோட்டு வெள்ளக்காரனே கையால பெசைஞ்சி அடிக்கக் கத்துக்கினான். ஆம்பூரு தொரைக்கு ஸ்பூனு வேணுமாம்!" மெஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்த வாரம் முழுக்க இதே கூத்து. அவர் உட்காரும்போது துண்டால் பெஞ்சைத் துடைத்து சலாம் வைப்பேன். ஸ்பூன் கீழே விழுந்தால் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பேன்.

ஒருநாள் காலையில் குழாயடியில் முகம் கழுவக் கையை விரித்தார். அப்போதுதான் பார்த்தேன். உள்ளங்கை முழுக்க வெடிப்பு. மழை பெய்யாத ஏரி மாதிரி. விரல் இடுக்கில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "சுண்ணாம்புத் தொட்டிய்யா. தோலை அதுல ஊறப்போட்டு எடுக்கணும். அப்பத்தான் முடி உதிரும். ஆட்டுத் தோலா ஆளுத் தோலான்னு சுண்ணாம்புக்குத் தெரியுமா? ரசம் பட்டா உசுரு போவும். அதான் ஸ்பூனு." இந்தக் கையால்தான் அவர் முந்தின நாள் சாயங்காலம் ஐந்து கெஜத்திலிருந்து உதைத்த பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். "இன்னாய்யா, ஜோக்கு தீந்துடுச்சா?" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம். அவர் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. என் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்வார், சோப்பு நுரையை என் காதில் தடவுவார். தூக்கத்தில் "லெப்ட்டு பாரு, லெப்ட்டு பாரு!" என்று கத்துவார், நான் பயந்துபோய் இடது பக்கம் திரும்பிப் படுப்பேன். கடையிலிருந்து நான் வர நேரமானால் மெஸ்ஸுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்ததும் கேட்பார்: "சாப்டியா?" நான் எங்கே சாப்பிட்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பார். முதல் தடவை கேட்டபோது அது என்னிடம் கேட்டதுதானா என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அந்த ரூமில் பின்னால் சுவர்தான் இருந்தது.

மைதானத்தில் அவர் வேறு ஆள். அவர் கம்பத்துக்கு நடுவில் நின்றால் கோல் சின்னதாகிவிடும். நான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர்ப் பானையைக் காவல் காத்தேன். அதிலும் இரண்டு தரம் பானை உடைந்தது. ஐப்பசிக்குள் எங்கள் கிளப் பல வருஷமாகப் பார்க்காத வெற்றியெல்லாம் பார்த்துவிட்டது. சுண்ணாம்பு படாத கையும் மெதுவாக ஆறியது. ஒருநாள் மெஸ்ஸில் அவர் ஸ்பூனைப் பையிலேயே விட்டுவிட்டு, சோற்றில் ரசத்தை ஊற்றி, ஐந்து விரலும் முழுக விட்டுப் பிசைந்தார். கொஞ்ச நேரம் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார். "எரியலய்யா" என்றார். நான் என் இலையைப் பார்த்துக்கொண்டேன். அந்த ஸ்பூனை மறுநாள் நான் கடைக்கு எடுத்துப் போனேன். சைக்கிள் டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்க ஸ்பூன் காம்பு மாதிரி ஒன்று கிடையாது. "எடுத்துக்கோய்யா, இனிமே எனக்கு எதுக்கு?" என்று அவர்தான் கொடுத்தார்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் அவர் கேலி செய்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். எங்களுக்கு மலைதான் சாமி. அதைக் கண்டால் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விடும், இல்லையென்றால் தலைக்கு மேலே போய்விடும். சைக்கிளில் போகிறவன் தெருமுனை திரும்புவான், மலை தெரியும், ஹேண்டில் பாரை விட்டுவிட்டுக் கும்பிடுவான், எதிரே வருகிற மாட்டு வண்டியில் மோதுவான். அந்தக் கோணல் ரிம்களை நிமிர்த்தித்தான் எங்கள் கடை ஓடியது. மைதானத்திலும் இதே கதைதான். ஊருக்குக் கிழக்கே மைதானம், மேற்கே மலை. டாஸ் ஜெயித்தால் இரண்டாவது பாதியில் எங்கள் கோலி மலையைப் பார்த்து நிற்கிற மாதிரிதான் எங்கள் கேப்டன் பக்கம் கேட்பார். மலை நம் கோலியைப் பார்த்துக்கொள்ளும் என்று அவருக்கு நம்பிக்கை. "மலை பாக்கும்யா, பந்து யாரு பாக்கறது?" என்பார் ஆம்பூர் அண்ணன். "கோலிக்கு சாமி குடுத்த ரெண்டு கையும் பந்துக்குத்தான். கும்புடணும்னா ரெண்டு கை எக்ஸ்ட்ரா கேட்டு வாங்கு."

கார்த்திகை பிறந்ததும் ஊரில் ஒரே பேச்சு: இரவல் தங்குமா, போய்விடுமா? டீக்கடையில் அதற்கென்றே இரண்டு கட்சி. "மில்லுல எடை போடற வேலை தரேன்னு தலைவரு சொல்லிட்டாரு. ஆளு எங்கயும் போவாது" என்பான் ஒருவன். "வேலை குடுத்து இன்னா பண்றது? சாயபு ரிலீஸ் குடுக்கணுமே" என்பான் இன்னொருவன். ரிலீஸ் என்றால் தாய் கிளப் கையைக் கழுவிவிட்டேன் என்று சொல்வது. அது இல்லாமல் வேறு கிளப்பில் நிரந்தரமாகச் சேர முடியாது. இதற்கிடையில் ஆம்பூரில் மூத்த கோலி முழங்கால் போய் ஆட்டத்தை விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. குடை கொடுத்தவர் வீட்டிலும் மழை ஆரம்பித்துவிட்டது. ஆம்பூர் அண்ணனிடம் யாராவது கேட்டால், "நான் பந்து மாரிங்க, ஒதைக்கிற பக்கம் போவேன்" என்று சிரிப்பார். ரூமில் என்னிடம் மட்டும் ஒருதரம் கையை விரித்துக் காட்டி, "இதைக் கேட்டா இங்கயே இருக்கணும்னு சொல்லும்" என்றார்.

தீபத்துக்கு அடுத்த வாரம் நடக்கிற போட்டியில் பைனலுக்கு நாங்கள் வந்தோம். எதிரே வந்தது சாயபு டீமேதான். முந்தின நாள் மில்லில் வைத்துத் தலைவர் அவரிடம் நேராகக் கேட்டார். நான் டீ கிளாஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். சாயபு பெரிய மனுஷர். ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கிறவர். தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் ஆளு வேணும், உங்களுக்கும் ஆளு வேணும். எதுக்கு நாம சண்டை போடணும்? நாளைக்கு நீங்க ஜெயிச்சா வச்சிக்குங்க, மனசாரத் தரேன். நாங்க ஜெயிச்சா எங்க வேன்லயே கூட்டிட்டுப் போயிடறோம்." தலைவர் கையைக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆம்பூர் அண்ணன் ஆடமுடியாது. அவர் இடத்தில் நிற்கவேண்டியது நான். எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் காலி கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

ஊர் கணக்குப் போடுவதில் கெட்டி. ஜெயித்தால் இரவல் நிரந்தரம், நான் ஆயுசுக்கும் பானைக் காவல். தோற்றால் இரவல் போய்விடும், நான் மறுபடி கோலி. அப்படியென்றால் நான் என்ன செய்வேன்? டீக்கடையில் ஒருவன் கேட்டேவிட்டான்: "இன்னாடா, நாளைக்கு கதவைத் தொறந்து வச்சிட்டு நிப்பியா?" "தாழ்ப்பாளே கழட்டிட்டேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. பழக்க தோஷம். சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. என்னை நிறுத்தவேண்டாம், கோலுக்கு முன்னால் பேக் ஆடுகிறவர்களில் ஒருவரைக் கோலியாக நிறுத்தலாம் என்று கேப்டனே தலைவரிடம் போய்ச் சொன்னார். அப்போது ஆம்பூர் அண்ணன்தான் குறுக்கே வந்தார். "இவனையே நிறுத்துங்க. இவன் நிப்பான்" என்றார். அவர் ஊர், அவர் வேலை, அவர் கை, எல்லாவற்றையும் தூக்கி என் கையில் வைத்துவிட்டு, "தூங்குய்யா, கண்ணு எரிஞ்சா பந்து தெரியாது" என்றார். நான் அவரிடம் சொல்ல நினைத்தது ஒன்று. அண்ணா, அந்த எடம் எனக்கு வேணாம், நீ இருந்தா போதும். அதைச் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. ஜோக்காகச் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த வருஷம் தீபத்தன்று மலை உச்சியை மேகம் மூடிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு உச்சியில் தீபத்தை ஏற்றினார்கள். கீழே எதுவும் தெரியாமலேயே ஊர் மேகத்தைக் கும்பிட்டது. அதற்கடுத்த நாட்களும் தினமும் ஏற்றுவார்கள். தினமும் மேகம். பைனல் அன்றும் அப்படித்தான். மைதானம் சேறு. மேடையில் மைக்கைப் பிடித்தவர் பேச்சை நிறுத்தாததால் ஆட்டம் ஆரம்பிக்கவே நேரமாகிவிட்டது. டாஸ் ஜெயித்து, வழக்கம்போல இரண்டாவது பாதியில் மலையைப் பார்க்கிற பக்கத்தை எங்கள் கேப்டன் வாங்கினார். ஆம்பூர் அண்ணன் இரண்டு டீமின் கூடாரத்திலும் உட்காராமல், கோட்டுக்கு வெளியே ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். அன்று அவர் யாருக்கும் ஆள் இல்லை.

என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அன்றைய ஆட்டம்தான். மூன்றாவது கம்பம் அசைந்தது. நெஞ்சில் வாங்கினேன், முழங்காலில் வாங்கினேன், ஒன்றை மூக்கில் வாங்கினேன். என் உடம்பில் அன்று பந்து படாத இடம் கிடையாது. கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு சத்தமில்லாமல் பார்த்தது, பிறகு என் பெயரைச் சொல்லிக் கத்தியது. மூக்கு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஐஸ் வண்டிப் பக்கம் பார்த்தேன். ஆம்பூர் அண்ணன் இரண்டு கட்டை விரலையும் காட்டினார். யாரும் கோல் போடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான். இருட்டு விழுந்தால் மறுநாள் மறுபடி ஆடவேண்டும். மறுநாளும் நிற்பேன் என்று இருந்தது எனக்கு.

அப்போது அவர்கள் ஆள் ஒருவன் பந்தோடு என்னை நோக்கி வந்தான். அவன் முதுகுப் பக்கம் மலை. அவனுக்கு அது தெரியாது. எங்களுக்கு நேர் எதிரே, அத்தனை நாளாக மூடியிருந்த மேகம் ஒரு துணியை உருவுகிற மாதிரி விலகியது. உச்சியில் தீபம். கருத்துப்போன மலைக்கு மேலே சின்னதாக, சிவப்பாக. மைதானமே ஒரே குரலில் "அரோகரா!" என்று எழுந்தது. எனக்கு நினைவில் இருப்பது நெருப்பு மட்டும்தான். என் கை இரண்டும் தலைக்கு மேலே குவிந்திருந்தன. பந்து என் காலுக்கு நடுவில் மெதுவாக, அவசரமே இல்லாமல், உருண்டு போனது. அவன் பலமாகக்கூட உதைக்கவில்லை. நான் விழுந்து தடுப்பேன் என்று நினைத்து லேசாகத் தட்டிவிட்டு, நான் ஏன் கும்பிடுகிறேன் என்று புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கோலுக்கு விசில் ஊதினார்கள். நான் ஐஸ் வண்டிப் பக்கம் திரும்பினேன். ஆம்பூர் அண்ணன் கையும் மேலே இருந்தது. மலையைப் பார்த்து, வாய் லேசாகத் திறந்து, ஆறிப்போன அந்த இரண்டு உள்ளங்கையையும் தலைக்கு மேல் சேர்த்து நின்றார். எங்களைக் கேலி செய்த அதே ஆள். யாரும் ரிலீஸ் கொடுக்காமல், யாரும் கையெழுத்துப் போடாமல், அந்த நேரம் அவர் முழுசாக எங்கள் ஊர்க்காரர் ஆகிவிட்டிருந்தார். அதே நேரத்தில்தான் அவரை நாங்கள் தோற்றுவிட்டிருந்தோம்.

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. பேக் ஆடிய எல்லோரும்தான் கும்பிட்டார்கள். ஆனால் அவர்கள் கை ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. என் கைதான் கிளப்புக்குச் சொந்தம். "சாமியச் சாக்கு வச்சி விட்டுட்டான்டா" என்று ஒருவன் சொன்னான். அது தேரடிக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. "சத்தியமா இல்லப்பா, கை தானா போயிடுச்சி" என்றேன். "நல்ல ஜோக்குடா" என்றார்கள். தலைவர் மட்டும் திட்டவில்லை. "இவ்ளோ நாளா நீ நடிச்சதுலயே இதான் பெஸ்ட்டு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவர் திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலையில் சாயபுவின் வேன் தேரடியில் நின்றது. ஆம்பூர் அண்ணன் பையைக் கட்டினார். கோலைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. எல்லாம் எடுத்துவைத்த பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யோவ், என் ஸ்பூனு எங்க?" என்றார். கடைக்கு ஓடினேன். இத்தனை நாளும் டயரை நெம்பி நெம்பி அது வில்லாக வளைந்திருந்தது. இரும்புக் கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். ரிம் நிமிர்த்தத் தெரிந்த எனக்கு ஒரு ஸ்பூன் நிமிர்த்த வரவில்லை. பாதி கோணலோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பையில் குத்திக்கொண்டார். "வரேன்யா" என்றார். வேன் போய்விட்டது. நீயும் நம்பிவிட்டாயா அண்ணா என்று நான் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் நான் யாரிடம் போவேன்?

நான் மறுபடி கோலி. ஜன்னலோர இடமும் திரும்பி வந்தது. அங்கே பாய் போட்டால் காற்று நன்றாக வரும், ஆனால் நான் சுவரோரமே படுத்தேன். ஊர் என்னோடு சிரிப்பதை நிறுத்தவில்லை. பந்து வந்தால், "கும்புட்டுக்கடா!" என்று வெளியிலிருந்து கத்துவார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பிடிப்பேன், இல்லை, விடுவேன். சாயங்காலம் ரூமுக்கு வந்து கதவைத் திறந்ததும் சும்மா ஒரு நொடி நிற்பேன். கேள்வி எதுவும் வராது. பிறகு மெஸ்ஸுக்குப் போவேன். சில நாள் போகமாட்டேன்.

அடுத்த வருஷம் எங்களை ஆம்பூருக்கு ஆடக் கூப்பிட்டார்கள். எதிர்க் கோலில் அவர். நாங்கள் நாலு கோல் வாங்கினோம். நாங்கள் என்றால் நான். ஆட்டம் முடிந்து எல்லோரும் என்னை விட்டுவிட்டுக் கூட்டமாகப் போனார்கள். நான் கம்பத்தடியில் சேற்றைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு டிபன் பாக்ஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார். தயிர் சோறு. பையிலிருந்து அந்தக் கோணல் ஸ்பூனை எடுத்தார். நான் அவர் கையைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் இல்லை.

"யோவ், நீ வேணும்னு விட்டன்னு உங்க ஊர்ல இன்னமும் சொல்றாங்களாமே?" என்றார்.

"ஆமாண்ணா."

"இன்னிக்கி நாலு வுட்டியே, அதுவும் வேணும்னுதானா?"

அவர் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மென்றுகொண்டே சொன்னார்: "வேணும்னு கோல் வுடறதுக்கு ஒரு தெறமை வேணும்யா. பந்து எங்க வருதுன்னு தெரிஞ்சாத்தான அந்தாண்ட நவர முடியும்? உனக்கு அது என்னிக்கித் தெரிஞ்சிது? எதுக்கும் லாயக்கில்லாத உன்னையப் போயி இவ்ளோ பெரிய ஆளாக்கி வச்சிருக்காங்களே, அந்த ஊர நெனச்சாத்தான் எனக்கு பேஜாரா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நேரம் சிரித்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என்னை அவ்வளவு மட்டமாக மதித்த ஆள் இந்த உலகத்தில் அவர் ஒருத்தர்தான். அதற்காக ஒரு வருஷம் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"சாப்டியா?" என்றார். டிபன் பாக்ஸை எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார். அவர் ஸ்பூனால் அந்தப் பக்கத்திலிருந்து சாப்பிட்டார். நான் கையால் இந்தப் பக்கத்திலிருந்து சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் கிளப்பும் கொஞ்ச நாளில் கலைந்தது, சாயபு டீமும் கலைந்ததாகச் சொன்னார்கள். ஆம்பூர் ஒன்றும் சீமையில் இல்லை, பஸ் ஏறினால் போய்விடலாம். போய்ப் பார்த்து, கை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டுவிட்டால் பிறகு தெரியாமல் இருக்க முடியாது. அதனால் போகவில்லை. இப்போது வயசும் ஆகிவிட்டது, காரணம் சொல்ல வசதி.

போன கார்த்திகையில் ஒருநாள் அந்த ஓட்டல் வாசலில் சைக்கிள் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தேன். வேலை சாயங்காலம் வரை இழுத்துவிட்டது. மலையில் தீபம் ஏறியது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள்கூட வெளியே வந்து கும்பிட்டார்கள். என் கையும் கிரீஸோடு மேலே போயிற்று. போன கையோடு குனிந்து என் கால் இடுக்கைப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. எதுவும் உருண்டு போகவில்லை.

உள்ளே, மத்தியானம் எதிர் நாற்காலிக்கு முன்னால் நான் வைத்த ஸ்பூனைப் பரிமாறுகிறவர் எடுத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கும் யாரும் வரலியா பெரியவரே?" என்றார்.

"வரலப்பா. கை நல்லா ஆறிடுச்சி போல. ஸ்பூனு தேவப்படல" என்றேன்.

அவர் சிரித்தார்.